பெரிய வெள்ளியும் உப்புக்கண்டமும்

சமையல் வீடியோ பார்க்கிற ஆண்பிள்ளைகளுக்கு ஒரு வியாதி உண்டு. வீடியோ முடிந்த மறு நிமிஷமே அந்தச் சமையல் தனக்கு அத்துப்படி என்று நினைக்க ஆரம்பித்துவிடுவார்கள். வெங்காயம் உரிக்கத் தெரியாதவன் பிரியாணிக்குத் தம் போடுவது பற்றி வீட்டில் வகுப்பெடுப்பான். எனக்கு இந்த வியாதி முற்றிப்போய் வந்தது. நான் கை வைத்தது உப்புக்கண்டத்தில். (தெரியாதவர்களுக்கு: ஆட்டுக்கறியில் உப்பும் மஞ்சளும் மிளகாய்த்தூளும் தடவி, நூலில் கோத்து, நாலைந்து நாள் வெயிலில் காய வைப்பது. எண்ணெயில் பொரித்து ரசம் சாதத்தோடு சாப்பிட்டால் சொர்க்கம். தெரிந்தவர்கள் இப்போதே சிரிக்கத் தொடங்கலாம்.)

முதலில் என் மாமனாரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பாகூர் பக்கத்து விவசாயக் குடும்பம். என் மனைவி ஜெசிந்தா முத்தியால்பேட்டையில் பிறந்து வளர்ந்த கத்தோலிக்கப் பெண். காதல், பதிவுத் திருமணம். என் வீட்டில் கொஞ்ச நாள் முறுக்கிக்கொண்டார்கள், பிறகு ஜெசி வைத்த இறால் தொக்கைச் சாப்பிட்டுவிட்டுக் கட்சி மாறினார்கள். அவள் அப்பா மாறவில்லை. அவர் கரண்டு ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கோபம் வந்தால் கத்த மாட்டார், மெயின் ஸ்விட்சை அணைத்த மாதிரி பேச்சை நிறுத்திவிடுவார். கல்யாணத்துக்கும் வரவில்லை. "மாமனாருக்கு ஒரு மாலை கூட போடாம ஒரு கல்யாணமா" என்று என் அம்மா இன்னும் கூட அங்கலாய்ப்பாள்.

அம்மா வீட்டுக்குப் பக்கமாக இருக்க வேண்டும் என்று ஜெசி ஆசைப்பட்டதால் முத்தியால்பேட்டையிலேயே ஒரு மாடி வீட்டில் குடியிருந்தோம். இரண்டு தெரு தள்ளி மாமனார் வீடு. கடைத்தெருவில் எதிரே வந்தால் அவர் என்னைப் பார்க்க மாட்டார், எனக்குப் பின்னால் இருக்கிற மின்கம்பத்தைத்தான் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வரும் ஜெசி, சில வாரம் முகம் மலர்ந்து, "இன்னிக்கு அப்பா என்னப் பாத்தாரு" என்பாள். அவ்வளவுதான் செய்தி. அதற்கே அவள் அன்று முழுக்கப் பாட்டு முணுமுணுப்பாள்.

இப்படி இரண்டு வருஷம் ஓடின பிறகு ஒருநாள் மாமியாரிடமிருந்து போன் வந்தது. ஈஸ்டர் அன்று மத்தியானம் சாப்பிட வருகிறார்களாம், அவரும் வருகிறாராம். "பேசுவாரான்னு தெரியாது. சாப்புடுவாரு" என்று மாமியார் உத்தரவாதம் கொடுத்தார். போனை வைத்துவிட்டு ஜெசி அடுப்படித் தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு எழுந்து, அழுதுகொண்டே ஒட்டடை அடித்தாள்.

என்ன சமைக்கலாம் என்று பேசும்போது அவள் போகிறபோக்கில் ஒன்று சொன்னாள். அப்பாவுக்கு உப்புக்கண்டம் என்றால் உயிர். காரைக்காலில் இருந்த அத்தை அனுப்பிக்கொண்டிருந்தார், அவர் போன பிறகு அதைக் கண்ணில் பார்க்கவே இல்லை என்றாள். அவள் அதை அத்தோடு மறந்துவிட்டு கோழி குருமாவுக்குப் போனாள். நான் மறக்கவில்லை. அன்றே ஒரு வீடியோ பார்த்தேன், வியாதி தொற்றிக்கொண்டது.

ஒரே ஒரு சிக்கல். ஈஸ்டருக்கு முன்னால் வருவது தவக்காலம். நாற்பது நாள் எங்கள் வீட்டுக்குள் கறி நுழையாது. மனைவிக்காக நானும் கறி தொடாமல் இருந்தேன். (ஆபீஸ் கேன்டீன் முட்டை பப்ஸ் கணக்கில் வராது என்பது என் தீர்மானம்.) உப்புக்கண்டமோ காய நாலைந்து நாள் கேட்கிறது. ஈஸ்டருக்குத் தட்டில் விழ வேண்டுமென்றால் புனித வாரத்தில் கொடியில் தொங்கியாக வேண்டும். சாப்பிடத்தானே கூடாது, காயப்போடக் கூடாது என்று யார் சொன்னது என்று எனக்கு நானே வாதாடி ஜெயித்தேன். புரட்டாசியில் கறி தின்ன மாட்டோம் என்பதற்காக எங்கள் ஊரில் ஆடு மேய்க்காமலா இருக்கிறோம்?

புதன்கிழமை பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். தவக்காலத்தில் ஈ ஓட்டிக்கொண்டிருந்த கறிக்கடைக்காரர் என்னைக் கண்டதும் தொடைக்கறியைக் கொழுப்பில்லாமல் நீட்டநீட்டமாகப் போட்டுக் கொடுத்தார். முளைக்கீரைக் கட்டுக்கு அடியில் ஒளித்து வீட்டுக்குக் கொண்டுவந்து நேரே மொட்டைமாடி மோட்டார் ரூமுக்கு ஏற்றினேன். ஜெசிக்கு இது ஈஸ்டர் அன்றுதான் தெரிய வேண்டும், அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பது திட்டம்.

வீடியோவில் அந்த அம்மா கை நிறைய கல்லுப்பை அள்ளி அள்ளிப் போட்டார். எனக்குப் பகீர் என்றது. மாமனாருக்குப் பிரஷர், உப்பைக் குறைக்கச் சொல்லி டாக்டர் கண்டித்திருக்கிறார் என்று ஜெசி சொல்லியிருந்தாள். மருமகன் நெஞ்சு உருகிவிட்டது. ஒரு ஸ்பூன் தூளுப்போடு நிறுத்திக்கொண்டேன். அதை ஈடுகட்ட மிளகாய்த்தூளை இரண்டு மடங்காக்கினேன். உப்பில்லாமல் உப்புக்கண்டம் போட்ட முதல் ஆள் உலகத்திலேயே நான்தான் என்று நினைக்கிறேன்.

அடுத்து கோக்கிற வேலை. நாலு நாலு துண்டாகச் சின்னச் சரமாகக் கோக்கச் சொன்னார்கள். ஒவ்வொரு சரத்துக்கும் முடிச்சுப் போட யாருக்குப் பொறுமை இருக்கிறது? கோணி ஊசியில் நைலான் நூலை மாட்டி மொத்தக் கறியையும் ஒரே சரமாகக் கோத்துவிட்டேன். முடித்துத் தூக்கிப் பார்த்தால் தேருக்குப் போடுகிற மாலை மாதிரி கனமாக, சிவப்பாக, கம்பீரமாக இருந்தது. செல்ஃபி கூட எடுத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை வெயில் வரவில்லை. மேகம் மூடிக்கொண்டு கடல்காற்று ஈரமாக அடித்தது. சரம் மோட்டார் ரூமிலேயே தொங்கியது. சாயங்காலம் வீட்டுக்குள் ஒரு வாடை வந்தது. கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார ஃபிலோ அக்கா மாடி ஏறி வந்து, எங்கேயோ எலி செத்துக் கிடக்கிறது என்றார். நான் உடனே ஒத்துக்கொண்டேன். ஒத்துக்கொண்டதோடு நிற்காமல், டார்ச் அடித்து அவர் வீட்டுப் பரண்மேல் ஏறி, இல்லாத எலியை அவரோடு சேர்ந்து தேடினேன். அக்கா படிக்கட்டு முழுக்க பினாயில் ஊற்றினார். ஜெசி மூக்கைப் பொத்திக்கொண்டே கோயிலுக்குப் போனாள்.

பெரிய வெள்ளி காலையில் வெயில் சுளீரென்று அடித்தது. ஜெசி வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள். நான் வரவில்லையா என்று கேட்டதற்குத் தலைவலி என்றேன். அவள் தலை மறைந்ததும் துடைப்பத்தோடு மொட்டைமாடிக்கு ஓடினேன். வெயில் தெருப்பக்கம்தான் நன்றாக விழுந்தது. சரத்தின் ஒரு முனையை டிஷ் ஆன்டெனாவிலும் இன்னொரு முனையைத் தண்ணீர்த் தொட்டிக் குழாயிலும் கட்டி, கைப்பிடிச் சுவரை ஒட்டித் தொங்கவிட்டு, காக்கா ஓட்ட உட்கார்ந்தேன்.

எனக்குத் தெரியாத சங்கதி ஒன்று இருந்தது. முந்தைய வருஷம் இந்த விடுமுறைக்கு நான் ஊருக்குப் போய்விட்டேன். அதனால் பெரிய வெள்ளி அன்று சிலுவைப்பாதை எங்கள் தெரு வழியாகத்தான் போகும் என்று எனக்குத் தெரியாது. இயேசு சிலுவை சுமந்துபோன வழியைப் பதினாலு இடங்களாகப் பிரித்து, ஒவ்வொரு இடத்திலும் நின்று முழங்காலிட்டு ஜெபிப்பார்கள். அதில் ஆறாம் ஸ்தலம், வெரோணிக்கா என்ற பெண் இயேசுவின் முகத்தைத் துணியால் துடைத்த இடம். வருஷாவருஷம் அந்த ஸ்தலத்துக்கு மேஜை போட்டு மெழுகுவத்தி ஏற்றுவது ஃபிலோ அக்கா வீட்டு வாசலில், அதாவது என் கறிக்கு நேர் கீழே.

பாட்டுச் சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தேன். தெரு முழுக்க வெள்ளை உடை. முன்னால் பங்குச் சாமியார். அவருக்குப் பக்கத்தில் தோளில் மரச்சிலுவை சுமந்துகொண்டு என் மாமனார். பின்னால் மாமியாரும் ஜெசியும். சரத்தை அவிழ்க்க எழுந்தால் தெருவே பார்க்கும். சுவருக்குக் கீழே குந்தி உட்கார்ந்துவிட்டேன். ஒரு ஜெபந்தானே, முடிந்ததும் போய்விடுவார்கள்.

எல்லோரும் முழங்காலிட்டார்கள். சிலுவை பிடித்திருந்த மாமனார் மட்டும் நின்றார். சாமியார் மெல்ல வாசிக்கத் தொடங்க, தெரு அமைதியானது. அப்போது ஒரு காக்கா வந்து சரத்தின் மேல் உட்கார்ந்தது.

"உஷ்" என்று ஒரு சத்தம் போட்டால் பறந்துவிடும். ஆனால் ஊசி விழுந்தால் கேட்கிற அமைதியில் எப்படிச் சத்தம் போடுவது? குந்தியபடியே துடைப்பத்தை ஆட்டினேன். காக்கா என்னைப் பார்த்தது, துடைப்பத்தைப் பார்த்தது, இவனால் ஒன்றும் ஆகாது என்று முடிவு செய்தது. என் மாமனாருக்கு அடுத்து என்னைப் பற்றி அவ்வளவு சீக்கிரம் ஒரு முடிவுக்கு வந்தது அந்தக் காக்காதான். கூட்டாளி ஒன்றும் வந்து சேர்ந்தது. இரண்டும் ஒரே துண்டைப் பிடித்து இழுத்தன. ஆன்டெனாவில் நான் போட்ட முடிச்சு அவிழ்ந்தது.

சின்னச் சரமாக இருந்திருந்தால் ஒன்றோடு போயிருக்கும். இது ஒரே சரம். மொத்தமும் சரசரவென்று சுவரைத் தாண்டிச் சரிந்தது. பாய்ந்து குழாய்ப்பக்கத்து முனையைப் பிடித்தேன். பாய்ந்த வேகத்தில் அந்த முடிச்சும் அவிழ்ந்தது, மிளகாய்த்தூள் குழம்பில் கை வழுக்கியது.

நல்லவேளை, சிலுவை மேல் படவில்லை. அன்றைக்கு எனக்குக் கிடைத்த ஒரே கிருபை அதுதான். சரம் அளவெடுத்த மாதிரி மாமனார் கழுத்தில் விழுந்து, இரண்டு சுற்று சுற்றி, வெள்ளைச் சட்டை மேல் நெஞ்சு வரைக்கும் தொங்கியது.

மாமனார் சிலுவையைத் தாழ்த்தவும் இல்லை, அசையவும் இல்லை. மிளகாய் நெற்றியில் தெறித்து கண்ணை நோக்கி வழிந்தது. ஃபிலோ அக்காதான் முதலில் சுதாரித்தார். மேஜை துடைத்த துணியை எடுத்துக்கொண்டு ஓடி, "முசே, கண்ணத் தொறக்காதீங்க" என்று பிரெஞ்சு மரியாதையோடு சொன்னபடி அவர் முகத்தைத் துடைத்தார். முகம் துடைத்த வெரோணிக்காவைப் பற்றி அப்போதுதான் வாசித்துக்கொண்டிருந்த சாமியார், பாதியில் நிறுத்தி, புத்தகத்தை முகத்துக்கு நேரே உயர்த்திக்கொண்டார். புத்தகம் குலுங்கியது.

துடைத்து முடிந்ததும் மாமனார் கண்ணைத் திறந்து மேலே பார்த்தார். அங்கே நான் நின்றுகொண்டிருந்தேன், கையில் துடைப்பம், இரண்டு பக்கமும் இரண்டு காக்கா. இரண்டு வருஷத்தில் முதல் முறையாக அவர் மின்கம்பத்தை விட்டு என்னைப் பார்த்தார். சிலுவையை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு மாலையைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டார். ஊர்வலம் நகர்ந்தது. ஜெசி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதோடு போனாள்.

வீட்டுக்கு வந்த பிறகு அவள் கத்தியிருந்தால் தேவலாம். நாற்காலியில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்: "ரெண்டு வருஷமா காத்துக்கினு இருந்தேன் வேலு. இன்னும் ரெண்டே நாளு. அதுக்குள்ள இப்படிப் பண்ணிட்டியே." எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட அவளைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

கதவு தட்டுகிற சத்தம் கேட்டது. திறந்தால் மாமனார். சட்டையில் சிவப்புச் சிவப்பாகத் திட்டு, கையில் துணிப்பை. பின்னால் மாமியார், கண்ணால் ஏதோ ஜாடை காட்டினார், எனக்குப் புரியவில்லை. மாமனார் வாசற்படியில் ஒரு கணம் நின்றார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். பையிலிருந்து சரத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். ஒரு துண்டை மூக்குக்கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தார்.

"உப்பு பத்தல" என்றார்.

யாரிடம் சொல்கிறார் என்று தெரியாமல் நான் எனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

"உன்னத்தான். எவ்ளோ உப்பு போட்ட?"

ஒரு ஸ்பூன் என்று விரலால் காட்டினேன். ஏன் என்று கேட்டார்.

"உங்களுக்கு பிரஷர்னு ஜெசி சொன்னா மாமா. அதான்..."

அவர் என்னைப் பார்த்தார், சரத்தைப் பார்த்தார், மறுபடி என்னைப் பார்த்தார்.

"பிரஷர் எனக்குத்தான். ஆட்டுக்கு இல்ல."

முதலில் சிரித்தது மாமியார். பிறகு ஜெசி, கண்ணில் தண்ணீரோடு, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மாமனார் சிரிக்கவில்லை. ஆனால் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார், மின்விசிறி ஏன் இப்படி ஆடுகிறது என்று கேட்டார். ஃபிலோ அக்கா எட்டிப் பார்த்து மேஜையைக் கண்டு, "ஓ, இதான் அந்த எலியா தம்பி" என்றார்.

கறி தேறவில்லை. அக்காவின் முருங்கை மரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தோம். (அந்த வருஷம் முருங்கை காய்த்துத் தள்ளியது.) ஈஸ்டர் அன்று மாமனார் வந்தார், கோழி குருமா சாப்பிட்டார், இரண்டாம் முறை ரசம் கேட்டார். இப்போதெல்லாம் ஈஸ்டர் முடிந்த வாரம் எங்கள் மொட்டைமாடியில்தான் உப்புக்கண்டம் காய்கிறது. உப்பு அவர் கையால், கோப்பது மாமியார். என்னை நம்பிக் கொடுத்திருக்கிற வேலை காக்கா ஓட்டுவது மட்டும். சிலுவைப்பாதை எங்கள் வீட்டு வாசலில் நிற்கும்போது, வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லாவிட்டாலும், மாமனார் தலைக்கு மேல் யாராவது ஒருவர் குடை விரித்துவிடுகிறார்கள்.

போன மாதம் ஜெசியின் தம்பிக்குக் கல்யாணம். என் அம்மாவும் பாகூரிலிருந்து வந்திருந்தாள். பெண் வீட்டார் மாமனாருக்கு ரோஜா மாலை போட்டார்கள். அதைப் பார்த்ததும் அம்மாவுக்குப் பழைய குறை கிளம்பிவிட்டது. "எங்க வீட்டுக் கல்யாணத்துலதான் சம்பந்திக்கு ஒரு மாலை போட கொடுத்து வைக்கல" என்று அவர் காதுபடவே சொன்னாள்.

மாமனார் கழுத்து மாலையைச் சரிசெய்துகொண்டே திரும்பினார்.

"ஏன், மாப்ள போட்டாரே" என்றார். "உப்புதான் கொஞ்சம் கம்மி."