குடத்தய்யா போட்ட தேதிகள்

புத்தகத்தை உரிய நாளில் திருப்பிக் கொடுத்தவரைத் திட்டிய நூலகச் சிப்பந்தி, இந்தத் துணைக்கண்டத்திலேயே ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் எங்கள் ரெட்டியார்பாளையம் நூலகத்துக் குடத்தய்யா.

"பத்தாம் நாளே கொண்டாந்துட்டீங்களா முசியே? அப்படி இன்னா அவசரம்? ஊறப் போட்டுப் படிக்கிறதில்ல?"

பிரெஞ்சுக்காரர் விட்டுப்போன 'முசியே' என்ற மரியாதையோடு இப்படி அவரிடம் அதிகம் திட்டு வாங்கியவன் நான். எடுத்த தேதி, முடித்த தேதி, திருப்பிய தேதி மூன்றையும் டைரியில் குறித்து வைப்பேன். ஒரு நாள்கூடத் தாமதித்ததில்லை. என் தலையைக் கண்டாலே அவருக்கு முகம் சுருங்கும்.

காரணம் இருந்தது. 1954 நவம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை ஒப்படைத்துவிட்டுப் போனார்கள். அடுத்த ஆண்டே எங்கள் ஊரார் கூடி ஒரு பழைய கிடங்கில் நூலகம் திறந்தோம். சுற்றிலும் நெருஞ்சி முள்ளும் உடைந்த பாட்டிலுமாகக் கிடந்த மனையைப் பொதுப் பூங்காவாக்குவது என்று தீர்மானம் போட்டோம். செயலாளன் என்ற முறையில் எழுதியவன் நான்தான். வியாழக்கிழமை, மாலை ஆறேகால் மணி. நிழல், நடைபாதை, பெஞ்சு எல்லாம் தீர்மானத்தில் இருந்தன. தண்ணீர் மட்டும் இல்லை.

குடத்தய்யா வெள்ளைக்காரர் காலத்தில் பூங்காவில் தண்ணீர் ஊற்றியவர். ஒரு நாள் மாட்டு வண்டியில் இருபத்து மூன்று செடிகளுடன் வந்து இறங்கினார். எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. கேட்டால் நடவடிக்கைக் குறிப்பில் எழுத வேண்டியிருக்கும்.

நட்டு முடித்ததும் கமிட்டி முன் வந்து நின்றார். "புஸ்தகம் ஒரு நாள் லேட்டுன்னா, தெருமுனைக் குழாயிலேந்து ஒரு கொடம் தண்ணி கொண்டாந்து ஊத்தணும். ரெண்டு நாள்னா ரெண்டு கொடம்." எல்லோரும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டோம். அன்றிலிருந்து அவர் பெயர் குடத்தய்யா.

அவருக்கு எழுத்து சுமார், எண் கெட்டி. புத்தகங்களைக் கனத்தால் அறிவார். தையற்காரர் மரியதாஸ் ஒரு மாலை வந்து கேட்டார்:

"அய்யா, சின்னதா ஒரு துப்பறியும் கத குடுங்க."

"இந்தாங்க." கையில் வைத்தது செங்கல் மாதிரி இருந்தது.

"யோவ், இது வைத்திய நூலுய்யா!"

"அதுலயும் நாலு பேரு செத்துத்தான் இருப்பான். யாரால செத்தான்னு கண்டுபுடிங்க."

மரியதாஸ் ஐந்து நாள் தாமதமாகக் கொண்டுவந்து, ஐந்து குடம் சுமந்தார். கடைசிக் குடத்தின்போது, "செத்ததுக்கெல்லாம் வைத்தியன்தான் காரணம்" என்று தீர்ப்பும் சொன்னார். தோளில் குடத்தோடு ஓர் ஆண்பிள்ளை தெருவில் போனால், "எத்தினி நாளு?" என்று தவறாமல் விசாரிப்பது எங்கள் பேட்டை மரியாதையாகிவிட்டது. இரண்டாவது கோடையில் செடிகள் இடுப்பளவு வந்தன. மாலையில் பெஞ்சில் உட்கார்ந்து செய்தித்தாள் படிக்க ஆள் சேர்ந்தது. நிழல் இன்னும் வரவில்லை. வரும் என்ற நம்பிக்கையில் ஜனங்கள் இடம் பிடித்தார்கள்.

1957 தை மாதம் எனக்குக் காய்ச்சல் கண்டது. ஒரு திங்கட்கிழமை எடுத்த புத்தகத்தை இரண்டாவது ஞாயிறன்றுதான் கொடுக்க முடிந்தது. குடத்தய்யா, திருப்ப வேண்டிய தேதியை முத்திரை குத்தியிருந்த பின்னட்டைச் சீட்டைப் பார்த்தார். முகம் மலர்ந்து எழுந்தார்.

"ஒரு நாள் லேட்டு முசியே! ரெண்டு வருசமா காத்துக்கிட்டு இருந்தேன். கொடம் அதோ இருக்குது."

"பதிமூணு நாள்தான் ஆகுது. தவணை பதினஞ்சு."

"சீட்டுல முத்திரை இருக்குதே."

இருந்தது. எண்ணிப் பார்த்தேன்: பன்னிரண்டாம் நாள். பேசாமல் அந்த ஒரு குடத்தைத் தூக்கியிருக்கலாம். நான் பதிவேட்டைத் தூக்கினேன். எடுத்த தேதியையும் சீட்டில் விழுந்த முத்திரையையும் மூன்று மாலைகள் ஒப்பிட்டேன். முதல் இரண்டு மாதம் போக, ஒவ்வொரு புத்தகத்துக்கும் அவர் மூன்று நாளைத் தின்றிருந்தார். எண்ணிப் பார்ப்பவர் ஊரில் யாருமில்லை. திருப்பும்போது அவர் காட்டிய முத்திரையைத்தான் எல்லோரும் நம்பினார்கள். நான்கு பத்தியில் அழகான பட்டியல் தயாரித்துக் கமிட்டியில் வைத்தேன். அன்று எனக்கு இருந்த பெருமையை எழுதக் கூச்சமாக இருக்கிறது.

குடத்தய்யா மறுக்கவே இல்லை. "மொத ரெண்டு மாசம் நேர்மையாத்தான் போட்டேன். அத்தினி பேரும் பதினாலாம் நாளே கொண்டாந்துட்டாங்க. செடி காயுது. நான் இன்னா பண்ணட்டும்?"

"கேட்டிருந்தா ஊத்தியிருப்போமே" என்றார் உறுப்பினராக இருந்த மரியதாஸ்.

"கேட்டேனே. கேட்டப்போ எல்லாருக்கும் இடுப்பு வலி."

சிரிப்பு எழுந்தது. அத்துடன் முடிந்திருக்கும். தலைவரும் என் பக்கம் திரும்பி, "இத குறிப்புல ஏத்தித்தான் ஆகணுமா தம்பி? ஏத்திட்டா நடவடிக்கை எடுக்காம இருக்க முடியாது" என்று தயங்கிக் கேட்டார். அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். குடத்தய்யா மட்டும் ஜன்னல் வழியாகச் செடிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏத்தணும்" என்றேன்.

மாசி பிறக்குமுன் அவர் வேலை போயிற்று. பொய்யில் பிறந்த தண்டம் என்று குடம் ஊற்றும் விதியும் ரத்தானது. போகும்போது அவர் கேட்டது ஒன்றுதான்: "காலைல ஆறு மணிக்குக் குழாய்ல நல்லா வரும். யாராச்சும் ஊத்துங்க."

யாராச்சும் என்பவர் வரவில்லை. சரியான முத்திரை விழுந்தது. எல்லோரும் சரியாகத் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த ஆண்டு பதிவேட்டைப் போல் சுத்தமான பதிவேட்டை நான் கண்டதில்லை. பங்குனியில் செடிகள் இலை உதிர்த்தன. சித்திரையில் நான் குடத்தைத் தூக்கியபோது பாதிக்கு மேல் குச்சியாகி இருந்தன.

வைகாசியில் அவரைத் தேடிப் போனேன். விழுப்புரம் சாலையில் புதிதாக எழும்பிய ஒரு கட்டடத்தில், ஈரச் சிமெண்டுச் சுவருக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கோபிக்கவில்லை.

"செவுத்துக்கு ஊத்துறேன் முசியே. நானும் மூணு மாசமா ஊத்துறேன், ஒரு எல விட மாட்டேங்குது."

சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும், முடியவில்லை. திரும்ப வந்துவிடும்படி கேட்டேன், கமிட்டியிடம் நானே பேசுவதாகச் சொன்னேன். "என் கையில முத்திரைய நம்பி இனிமே குடுப்பீங்களா? வேணாம், வுடுங்க" என்றவர், குடத்தைக் கீழே வைத்துவிட்டு மெல்லக் கேட்டார்:

"எத்தினி நிக்குது?"

இருபத்து மூன்றில் நான்கு நின்றன. அன்று காலைதான் எண்ணி டைரியில் எழுதியிருந்தேன்.

"எல்லாமே நிக்குதுங்க அய்யா" என்றேன்.

குடத்தை மறுபடி எடுத்துக்கொண்டார். நம்பினாரா என்று இன்றும் தெரியாது. "அப்போ அந்த மகிழஞ்செடிக்கு மட்டும் ரெண்டு கொடமா ஊத்துங்க. அது பொறப்புலயே நோஞ்சான்" என்றார்.

மகிழஞ்செடி பட்டுப்போய்ப் பதினெட்டு நாள் ஆகியிருந்தது. மறுநாள் காலை ஆறு மணிக்குப் போய் அந்தக் குச்சிக்கு இரண்டு குடம் ஊற்றினேன்.