சம்பந்தி கொடுத்த பெட்டியில் ஒரு மழைமணி

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சுகம், என் இடது கட்டைவிரல் நீங்கலாக. அங்கே தாங்களும் சம்பந்தியம்மாளும் சுகமாக இருப்பீர்கள் என்றும், இக்கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருப்பீர்கள் என்றும் நம்புகிறேன்.

ஓய்வு பெற்றதிலிருந்து நான் சும்மா இல்லை. முதல் சொட்டு மழை விழுந்ததுமே அலறி, கொடியில் காயும் துணியைக் காப்பாற்றும் கருவியை என் கையாலேயே செய்துவிட்டேன்! மாடிச் சுவரில் ஒரு தகடு, அதிலிருந்து வீட்டுக்குள் ஒயர், அதன் முனையில் சர்க்யூட், பேட்டரி, அலறுவதற்கு ஒரு பஸ்ஸர். மேசைமேல் பரப்பிவைத்து, தகட்டில் ஸ்பூனால் ஒரு சொட்டு விட்டேன். அலறியது பாருங்கள், எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. என் மனைவிதான், "மேசை பூரா குடலை உருவிப் போட்ட மாதிரி இருக்கு. ஒரு டப்பாவுல போட்டு மூடுங்க, இல்லேன்னா பெருக்கித் தள்ளிடுவேன்" என்றாள்.

டப்பாதானே, அஞ்சு நிமிஷ வேலை என்று நினைத்தேன். மூன்று நாள் ஆயிற்று சம்பந்தி! சோப்பு டப்பாவில் சர்க்யூட் உட்கார்ந்தால் பேட்டரி எழுந்து நிற்கிறது, பேட்டரியைப் படுக்கவைத்தால் மூடி வாயைப் பிளக்கிறது, ரப்பர் பேண்டு போட்டு அடக்கினால் அது அறுந்து பேட்டரி தண்ணீர்ச் சொம்புக்குள் குதிக்கிறது, சரியென்று எவர்சில்வர் டிபன் டப்பாவுக்குப் போனேன், இடம் தாராளம், ஆனால் சர்க்யூட்டில் ஈயம் வைத்து ஒட்டிய இடமெல்லாம் டப்பாவின் அடியில் தொட்டு மின்சாரம் பாய்ந்து, மூடியை அழுத்தியதும் அது ஓயாமல் அலற, மனைவி மாடிக்கு ஓடி ஈரத்துணியை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து, வெளியே மண்டையைப் பிளக்கும் வெயிலைக் காட்டி என்னைப் பார்த்த பார்வையை எழுத இந்தத் தாள் தாங்காது.

அப்போதுதான் அலமாரியில் தங்கள் பெட்டி கண்ணில் பட்டது. நம் பிள்ளைகள் கல்யாணத்தில் தாங்கள் அன்போடு கொடுத்த தேக்குப் பெட்டி, மூடியில் செதுக்கிய பறவை, உள்ளே சிவப்பு வெல்வெட். சர்க்யூட்டை வைத்தேன், அளவெடுத்துத் தைத்த சட்டைதான்! கை சும்மா இருக்குமா? டிரில்லை எடுத்தேன். ஒயருக்கு ஒன்று, சுவிட்சுக்கு ஒன்று, சத்தத்துக்கு ஒன்று. மூன்றாவது ஓட்டையில் டிரில் வழுக்கி, என் கட்டைவிரலை நலம் விசாரித்துவிட்டு நேராகப் பறவையின் கண்ணில் இறங்கிவிட்டது. விரலுக்குத் துணி சுற்றினேன். பிறகு அந்த ஓட்டையில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கைச் சொருகினேன். பறவைக்கு உயிரே வந்துவிட்டது சம்பந்தி!

நேற்று மத்தியானம் நிஜ மழை. பறவை கண் சிவந்து அலறியது. ஒரு கைக்குட்டைகூட நனையவில்லை. மனைவி மூச்சு வாங்க நின்று, "பரவாயில்லையே, இது நிஜமாவே வேலை செய்யுதே" என்றாள். முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் பாராட்டு! மறுநொடியே பெட்டியைப் பார்த்துவிட்டாள்.

"அய்யய்யோ, இதையா ஓட்டை போட்டீங்க? கொடுத்தவங்களுக்கு நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுப் பதில் சொல்வேன்? நீங்களே எழுதிடுங்க!"

எழுதிவிட்டேன். தங்கள் பரிசை இத்தனை காலமும் கண்ணுக்குள் வைத்துக் காத்தோம். மன்னித்தேன் என்று ஒரு வரி எழுதினால் போதும். மாப்பிள்ளைக்கும் என் மகளுக்கும் ஆசிகள். சம்பந்தியம்மாளுக்கு என் பணிவான வணக்கம்.

தங்கள் அன்புள்ள,
சம்பந்தி

பி.கு.: உறையை ஒட்டுமுன் மனைவி இதைப் படித்துவிட்டாள். அந்தத் தேக்குப் பெட்டி கொடுத்தது தாங்கள் இல்லையாம், அவள் அண்ணனாம். தாங்கள் கொடுத்தது கட்டுப் பிரிக்காமலே பரணில் இருக்கிறதாம். எனவே தயவுசெய்து படித்ததும் இதைத் திருப்பி அனுப்பவும். மேலே பெயரை மட்டும் மாற்றி மைத்துனருக்கு அனுப்பிவிடுகிறேன். தங்கள் பரிசை இப்போதுதான் பிரித்தோம். மேசைக் கடிகாரம், மிக அழகு! உள்ளே இருக்கும் இயந்திரத்தை எடுத்துவிட்டால் என் அடுத்த கருவி கச்சிதமாக உட்காரும். அளவெடுத்துவிட்டேன்.