வேண்டாம் என்றவர் கேட்ட பூச்சு

அவரை எல்லோரும் தீப்பொறி என்றுதான் கூப்பிடுவார்கள். தமக்கு இழைக்கப்பட்ட அநீதிகளை அவர் வரிசை தவறாமல் சொல்வார். முதலாவது, நூற்பாலையில் கூலி உயர்வு கேட்டுக் கதவை மறித்தார். உயர்வு மற்றவர்களுக்கு வந்தது. வேலை அவருக்குப் போனது. இரண்டாவது, அவர் கட்டிய சங்கம் இரண்டாக உடைந்தது. இரண்டு பாதியும் அவரை மற்றப் பாதியின் ஆள் என்றது. மூன்றாவது, அவர் கண்விழித்து எழுதிய துண்டறிக்கைகள் மளிகைக் கடையில் பொட்டலமாகி, சர்க்கரையைச் சுமந்துகொண்டு அவர் வீட்டுக்கே திரும்பி வந்தன. நான்காவது, இப்போது நடப்பது. பள்ளிக்கூடத்தில் அவர் மகளின் பல்லில் ஃப்ளோரைடு பூசப் போகிறார்களாம். அதற்கு அவருடைய மனைவியே தலையாட்டிவிட்டு வந்திருக்கிறாள்.

மகளுக்கு ஏழு வயது. காலம் கடந்து பிறந்தவள். கீழ்க் கடைவாய்ப் பால்பல் ஒன்று கறுத்துக் குழி விழுந்துவிட்டது. சோற்றை ஒரு பக்கமாகவே மெல்லுகிறாள். தூங்கும்போதும் கன்னத்தில் கை. தீப்பொறியும் ஒரு பக்கமாகத்தான் மெல்லுவார். ஏன் என்று கேட்டால், "நான் எப்பவுமே இடதுசாரி" என்பார்.

"ஏங்க, அந்தப் பல்லு போனது போகட்டும். பக்கத்துல புதுப் பல்லு முளைக்குது. அதையாவது காப்பாத்த வேண்டாமா?" என்றாள் மனைவி.

"என்னத்தைப் பூசுறான்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும். பல்லு சொத்தையாகாம இருக்க மருந்து. தூரிகையால தொட்டு வைப்பாங்க. கேட்டுட்டுத்தான் வந்தேன்."

"மருந்துன்னு அவன் சொல்றான்! உப்பு இல்லையா வீட்டுல? எங்கப்பா உப்புலதான் பல்லு விளக்கினாரு."

"உங்கப்பாவுக்குக் கடைசியில எத்தனை பல்லு இருந்துச்சு?"

தீப்பொறி இருமினார். பதில் இல்லாதபோது அவருக்கு இருமல் வரும்.

"அப்பாவும் சரின்னு சொன்னாத்தான் பூசுவாங்களாம்" என்றாள் அவள்.

"சொல்ல மாட்டேன். என் பிணத்தைத் தாண்டித்தான் அந்தத் தூரிகை என் மகள் வாய்க்குள்ள போகும்."

அவள் பேசவில்லை. அந்த வீட்டில் அவள் கத்தினால் மழை, ஓய்ந்துவிடும். பேசாமலிருந்தால் அணை நிரம்புகிறது என்று அர்த்தம். இத்தனை வருடம் குடும்பம் நடத்தியும் தீப்பொறி இதைக் கற்றுக்கொள்ளவில்லை. நாற்காலியில் சாய்ந்து, வலிக்கும் முழங்காலைத் தடவிக்கொண்டு, வென்றுவிட்டதாக நினைத்தார்.

இரண்டு நாள் கழித்து அவள் பாத்திரம் கழுவிக்கொண்டே, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னாள்.

"நல்லதாப் போச்சு. அந்தப் பூச்சு நம்ம பள்ளிக்கூடத்துக்குக் கிடையாதாம். மேட்டுத் தெருப் பணக்காரப் பிள்ளைங்களுக்கு மட்டுந்தானாம்."

தீப்பொறியின் கையிலிருந்த செய்தித்தாள் இறங்கியது.

"யாரு சொன்னா?"

"யாரு சொன்னா என்ன? நீங்கதான் வேண்டாங்கறீங்களே."

"வேண்டாம்னு சொல்றது என் உரிமை. தர மாட்டேன்னு சொல்ல அவன் யாரு?"

"விடுங்க, வயசாச்சு. உங்களால முடியாது."

இந்தக் கடைசி வார்த்தையை அவள் தட்டைத் துடைத்து அடுக்கிய பிறகு, நிதானமாகச் சொன்னாள்.

மறுநாள் காலை பல் மருத்துவமனை வாசலில் தீப்பொறி நின்றார். கூடவே தையற்காரர், லாரி ஓட்டுநர், பக்கத்து வீட்டுப் பெண்கள். தேய்ந்த தொண்டையிலிருந்து கோஷம் பாதி காற்றாகத்தான் வந்தது.

"வேண்டும் வேண்டும்! ஃப்ளோரைடு வேண்டும்! ஏழைப் பல்லும் பல்லே!"

பல் மருத்துவரம்மா வெளியே வந்தார். புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு, "சரிங்கய்யா, வெள்ளிக்கிழமை வர்றோம்" என்றார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவு சுலபமாக வென்ற போராட்டம் தீப்பொறியின் வாழ்க்கையில் கிடையாது. சந்தேகப்பட்டிருக்க வேண்டும். களைப்பு விடவில்லை.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூட மண்டபம் நிரம்பி வழிந்தது. தீப்பொறியைப் பேசச் சொன்னார்கள். சொல்லியிருக்காவிட்டாலும் பேசியிருப்பார்.

"என் மகளிலிருந்து தொடங்கட்டும்! வலியோடு இருக்கிற ஒரு வாய்கூட இங்கே விடுபடக் கூடாது! இதற்கு நீங்கள் எல்லோரும் சாட்சி!"

கைதட்டல். மகள் நாற்காலியில் ஏறி வாயைத் திறந்தாள். நான்கு தடவல், முடிந்தது. "ஒட்டுதுப்பா, ஆனா வலிக்கலை" என்று இறங்கி ஓடினாள். தீப்பொறி துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். இந்த முறை அது இருமலுக்காக இல்லை.

கடைசிக் குழந்தையும் இறங்கியபின் மருத்துவரம்மா ஒலிபெருக்கியை வாங்கினார்.

"போன மாசமே வந்து எங்ககிட்ட இந்த வெள்ளிக்கிழமையைக் கேட்டு வாங்கினது, ஐயா வீட்டம்மா. அவங்களுக்கு நன்றி."

தீப்பொறி மெல்லத் திரும்பினார். மனைவி மூன்றாம் வரிசையில் உட்கார்ந்து மகளின் பின்னலைச் சரிசெய்துகொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"ஒரு வாய்கூட விடுபடக் கூடாதுன்னு ஐயா சொன்னாரு. விடுபட்டது ஒண்ணே ஒண்ணுதானாம். வலது கடைவாய், சொத்தை, பிடுங்கணும். அந்தப் பேரையும் அம்மாவே கொடுத்திருக்காங்க."

மருத்துவரம்மா நாற்காலியைத் தட்டிக் காட்டி, பட்டியலிலிருந்து எல்லோருக்கும் கேட்கும்படி உரக்க வாசித்தார்:

"தீப்பொறி!"