கோணல் சட்டை

நீலச் சட்டை மறுபடியும் நேராக வந்துவிட்டது. அக்கா கத்தரியை மேஜைமேல் போட்டுவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

நாளைக்குக் கண்காட்சி. அவள் உண்டாக்கிய 'கோணல்' கம்பெனிக்கு இருபத்தைந்தாவது வருஷம். வலப்பக்கம் மட்டும் மூன்று விரல் இறங்கித் தொங்கும் சட்டைக்கு ஊர் ஊராகக் கடை இருந்தது. முதல் சட்டையைக் கண்காட்சி வாசலிலேயே வைப்பதாகப் பேட்டியில் வேறு சொல்லித் தொலைத்திருந்தாள். அந்தச் சட்டையையோ தம்பி அப்போதே ரயிலில் மறந்துவிட்டு வந்துவிட்டான். மிச்சம் இருந்தது ஒரு புகைப்படம்தான். முதல் இன்டர்வியூ வாசலில், ஃபைலை நெஞ்சோடு அணைத்தபடி தம்பி.

படத்தைப் பார்த்தாலே அந்த மாடி அறை வந்துவிடும். தையல் மெஷினை நகர்த்தினால்தான் இருவரும் படுக்க இடம். தம்பிக்கு நல்ல சட்டை இல்லையென்று ஜன்னல் திரையைக் கழற்றி வெட்டினாள். தைத்து முடித்தவள், அவன் கிளம்பியதுகூடத் தெரியாமல் மெஷின்மேலேயே தூங்கிப்போனாள்.

வேலை கிடைக்கவில்லை. ஆனால் படத்தைப் பார்த்த துணிக்கடைக்காரர், இதே சாய்வில் ஒரு டஜன் வேண்டும் என்றார். தூக்கக் கலக்கத்தில் தன் கை கோணிவிட்டது என்று அவளும் நினைத்துக்கொண்டாள். அந்தக் கோணல்தான் பிறகு சோறு போட்டது, வீடு கட்டியது.

இப்போது அது வரமாட்டேன் என்றது. கடையில் விற்கும் கோணல் அளவெடுத்த அழகு. படத்தில் இருந்ததோ, காலர் ஒரு காதை உரச, இடுப்பில் ஒரு மடிப்போடு நின்றது. தோளை இறக்கினாள், கை முழங்கைக்கு ஏறியது. கையை இறக்கினாள், காலர் கழுத்தை நெரித்தது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டே வெட்டினாள். அதுவும் நூல் பிடித்தமாதிரி நேர்.

போட்டுப் பார்க்க வரச் சொல்லியிருந்த தம்பி, வழுக்கையும் தொப்பையுமாக மனைவியோடு வந்து நின்றான்.

"அந்தக் கை இப்போ எங்கிட்ட இல்லடா" என்றாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லா வெட்டப் பழகிப் பழகி, அது எங்கேயோ போயிடுச்சு."

"அதுக்கு ஏன் அழற? குடு, போட்டுப் பார்க்கறேன். இப்பல்லாம் என் உடம்பே கோணல்தான்."

உள்ளே போனவன் உடனே வெளியே வந்தான். அக்கா அவன் நெஞ்சில் பழைய ஆல்பத்தைத் திணித்து, படத்தில் இருப்பதுபோலவே நிற்கச் சொன்னாள். நிமிர்ந்து பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வலப்பக்கம் மூன்று விரல் இறக்கம். காதை உரசும் காலர். இடுப்பில் அதே மடிப்பு.

"வந்துடுச்சுடா" என்றாள். தன் வலது கையைத் தானே தடவிக்கொண்டாள். "எங்கேயும் போகலை. கையிலயேதான் இருந்திருக்கு."

தம்பி மனைவி அவனிடமிருந்து ஆல்பத்தை வாங்கி, ஒரு பார்வை பார்த்தாள்.

"சட்டை நேராத்தான் இருக்கு, அண்ணி. இவருதான் எப்பவும்போல முதல் பட்டனை ரெண்டாவது ஓட்டையில மாட்டியிருக்காரு."