சாமியார் தின்ற கறி

மதியச் சங்கு ஊத இன்னும் நேரம் இருந்தது. மூட்டை தூக்குபவருக்கோ குடல் முதுகெலும்போடு போய் ஒட்டிக்கொண்டிருந்தது. விடிந்ததிலிருந்து சிமெண்ட் சுமந்த தோள் எரிந்தது. கொண்டுவந்த சோறும் கீரையும் காலையிலேயே காலி.

சாப்பாட்டு அறையில் ஆளில்லை. பலகை மேல் லாரி டிரைவரின் டப்பா. மசாலா வாசனை மூடியை மீறி வந்து மூக்கைப் பிடித்து இழுத்தது.

மூட்டை தூக்குபவருக்குக் கிடங்கில் வைத்த பேர் சாமியார். மகள் காய்ச்சலில் கிடந்தபோது, பிழைத்தால் இனிக் கறி தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்டவர். மகள் பிழைத்துவிட்டாள், கிடங்குதான் மாட்டிக்கொண்டது. "நாக்கு ருசிக்கு ஓர் உயிரா? எந்த வேதத்துலடா சொல்லியிருக்கு?" என்று, கறி தின்பவன் தொண்டையில் எலும்பாக நிற்பார்.

ஒரே ஒரு துண்டு என்றுதான் கையை விட்டார். மெல்லக்கூடப் பொறுமையில்லை, விழுங்கினார். நிமிர்ந்தபோது டப்பாவில் எண்ணெய்தான் மிச்சம். மூடியை இறுக்கிப் போட்டுவிட்டு மூலையில் போய் உட்கார்ந்தார்.

சங்கு ஊதி எல்லோரும் சாப்பிட வந்தார்கள். "எவண்டா என் கறிய வழிச்சது?" டிரைவர் கத்தினான்.

"பூனை வந்துச்சு தம்பி. நான்தான் விரட்டினேன்."

"தின்னுட்டு மூடியையும் போட்டுட்டுப் போச்சா? நல்ல வளர்ப்பு!"

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு தன் பக்கம் திரும்புமுன் சாமியாரின் வாய் முந்திக்கொண்டது. "கூட்டுற பொண்ணுகூட உள்ள வந்துச்சு..."

அவள் துடைப்பத்தோடு வாசலில்தான் நின்றாள்.

"கறிய எடுத்தியாம்மா?" என்றார் மேஸ்திரி.

"தொடலீங்க." அவள் டிரைவரைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

சாமியாருக்கு நெஞ்சு குறுகுறுத்தது. அவளைக் காப்பாற்றியே தீருவதென்று எழுந்தார். "விடுங்க மேஸ்திரி, பசிக்குத் தின்னுருக்கும். பாவம்."

அதுவே சாட்சியாகிப்போனது. "சாமியாரே பார்த்திருக்காரு! பொய் சொல்ற வாயா அது?" என்று மேஸ்திரி அவளிடம் திரும்பினார். "நாளையிலேர்ந்து வராதே."

பிற்பகல் முழுக்க மூட்டை கனக்கவில்லை, தலைதான் கனத்தது. வேலை விட்டதும் கேட்டுக்கு வெளியே ஓடிப்போய் அவளை மறித்தார். அக்கம்பக்கம் யாருமில்லை என்று பார்த்துக்கொண்டார்.

"தங்கச்சி, தின்னது நான்தான். நேர்ச்சையை முறிச்ச பாவி நான். என் புள்ளைக்கு ஏதாவது ஆயிடுமோன்னு பயமா இருக்கு. வெளிய தெரிஞ்சா மானம் போயிடும். மன்னிச்சேன்னு ஒரு வார்த்தை சொல்லிடு."

அவள் பையைத் தோள் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"புள்ளைக்கு ஒண்ணும் ஆகாது அண்ணே. அது கறியே இல்ல, சோயா. டப்பா கழுவுற எனக்குத் தெரியாதா? உங்க பேச்சக் கேட்டு டிரைவரு கறிய விட்டு ரொம்ப நாளாச்சு; கிண்டல் பண்ணுவாங்க, யார்கிட்டயும் சொல்லாதேன்னாரு, சொல்லல. உங்க நேர்ச்சை பத்திரமா இருக்கு. என் பேருதான் உங்ககிட்ட பாக்கி, நாளைக்கு எல்லார் முன்னாடியும் குடுங்க."