நாலு நிறமும் ஒரு மொட்டைக் கடிதமும்

என் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னாலிருந்து பல் டாக்டரைப் பிடுங்கி எறிவது என்று முடிவு செய்தேன். வேரோடு.

பல் டாக்டர் எங்களுக்கு மேல்மாடியில் குடியிருப்பவர். தன் கம்ப்யூட்டர் ரிப்பேர் என்று ஒரு சனிக்கிழமை மதியம் எங்கள் வீட்டுக்குப் பிரின்ட் எடுக்க வந்தார். என் மனைவி அப்போது நிறம் கண்டுபிடிக்கும் விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தாள். ஆறு நிறத்தில் நாலை எடுத்துக் கம்ப்யூட்டர் வரிசையாக ஒளித்து வைத்துக்கொள்ளும். பத்துத் தடவைக்குள் நாம் கண்டுபிடிக்க வேண்டும். நிறமும் இடமும் சரியென்றால் ஒரு கறுப்புப் புள்ளி. நிறம் சரி, இடம் தப்பு என்றால் வெள்ளைப் புள்ளி. இரண்டும் இல்லையென்றால் ஒன்றும் கிடையாது, வீட்டில் எனக்குக் கிடைப்பது மாதிரி.

"அந்தப் பச்சையை மூணாவதுல வச்சுப் பாருங்களேன்" என்றார் டாக்டர், நின்றபடியே. வைத்தாள். நாலும் கறுப்பு. நின்றவர் உட்கார்ந்தார். அதற்கப்புறம் சனிக்கிழமை தவறாமல் வந்து உட்கார்ந்தார்.

இத்தனைக்கும் நிறம்தான் என் பிழைப்பு. பெயின்ட் கடையில் கலர் கலக்குகிறேன். ஒரு நூலைக் கொண்டுவந்து காட்டினால் அதே நிறத்தில் ஒரு வீட்டையே நிறுத்துவேன். வெள்ளையில் மட்டும் பதினொரு வெள்ளை எனக்குத் தெரியும். தினமும் பல்லைப் பார்க்கிற அந்த மனுஷனுக்கு நாலு வெள்ளையாவது தெரியுமா? ஆனாலும் விளையாட உட்கார்ந்தால் பத்துத் தடவையும் தோற்றேன்.

"ஏங்க, எல்லா வரிசையிலயும் மஞ்சளை வைக்கிறீங்களே?"

"மஞ்சள் நல்ல நிறம்."

"நல்ல நிறம்தான். ஆனா அதுல இல்லையே. முதல் வரிசையிலயே தெரிஞ்சுபோச்சே."

"இருந்தா நல்லா இருக்கும்னு வச்சேன்."

"டாக்டர் இப்படிச் செய்ய மாட்டார்" என்றாள். அதை மெதுவாக, அன்பாகவே சொன்னாள். அதுதான் சுருக்கென்று தைத்தது.

திரையில் முதல் பத்து இடத்துக்கு ஒரு பட்டியல் உண்டு. டாக்டர் தனக்குப் 'பல்லவன்' என்று பட்டம் வைத்துக்கொண்டிருந்தார். பல்லவன், அதன்கீழ் என் மனைவி, மறுபடி பல்லவன், மறுபடி அவள். கல்யாணப் பத்திரிகையில்கூட எங்கள் இரண்டு பெயரும் இவ்வளவு நெருக்கமாக வரவில்லை. ஊரார் பல்லில் சொத்தையைப் பிடுங்குகிறவர் என் சொத்தைப் பிடுங்க வந்துவிட்டாரோ என்று வயிறு எரிந்தது. எனக்குப் புடவை நிறம் சொல்லுங்க என்று என்னிடம் கேட்டவள்தானே இவள் என்று நினைத்தால் கண்கூடக் கலங்கியது.

டாக்டரின் மனைவி பள்ளிக்கூட டீச்சர். கண்டிப்பான ஆள். அவர் காதில் போட்டுவைத்தால் போதும், மிச்சத்தை அவரே பார்த்துக்கொள்வார். ஒரு மொட்டைக் கடிதம் எழுதினேன். 'அம்மா, உங்கள் கனவர் சனிக்கிழமை மதியம் எங்கே போகிறார் என்று உங்களுக்குத் தெரியுமா? இப்படிக்கு, நலம்விரும்பி.' கையெழுத்து காட்டிக்கொடுக்கக் கூடாதே என்று இடது கையால் எழுதினேன். எழுத்தெல்லாம் மழையில் நனைந்த கோழி மாதிரி நின்றது. புதன்கிழமை வேலைக்குப் போகும்போது மேல்மாடிக் கதவுக்கடியில் தள்ளிவிட்டு இறங்கினேன்.

மாடியில் பாத்திரம் பறக்கும் என்று காத்திருந்தேன். வியாழன், வெள்ளி, சத்தமே இல்லை. சனிக்கிழமை மூன்று மணிக்குக் கதவைத் திறந்தால் வழக்கம்போல் டாக்டர். அவர் பின்னால் டீச்சர். ஆசாமி மாட்டினார் என்று எனக்குள் ஒரு குளிர்ச்சி. டீச்சரோ நேராக உள்ளே போய் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏங்க" என்றாள் என் மனைவி. "இன்னைக்கு அணி பிரிச்சு ஆடப் போறோம். நீங்களும் வாங்க."

"என்னை எதுக்கு? நான் மஞ்சள் வைக்கிற ஆள்."

"கோவிச்சுக்காதீங்க. மொதல்ல ஒரு நோட்டீஸ் எழுதுங்க. உங்க எழுத்துதான் முத்து முத்தா இருக்கும். மேல 'மனைவி அணி', கீழ 'கணவர் அணி'."

இத்தனை வாரம் கழித்து ஒரு பாராட்டு. அதுவும் அந்தப் பல்லவன் எதிரில். வலது கையால், கடையில் விலைப்பலகை எழுதுகிற அழகோடு, எழுதி நீட்டினேன். டீச்சர் வாங்கிப் பார்த்தார். பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து ஒரு வட்டம் போட்டார். அதே பையிலிருந்து இன்னொரு தாளை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். நனைந்த கோழிகள்.

என் மனைவி, திரையைப் பார்ப்பது மாதிரி இரண்டு தாளையும் உற்றுப் பார்த்தாள்.

"எழுத்து வேற மாதிரி இருக்கு டீச்சர்."

"தப்பு ஒரே தப்பும்மா. ரெண்டுலயும் 'கனவர்'."

"அப்போ ஆள் சரி, கைதான் தப்பு. வெள்ளைப் புள்ளி." என் பக்கம் திரும்பினாள். "இடது கையா?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"எத்தனையாவது தடவையில கண்டுபிடிச்சீங்க?" என்று டாக்டர் அக்கறையாக விசாரித்தார்.

"டீச்சர் கடிதத்தைக் காட்டின அன்னைக்கே, முதல் தடவையிலயே டாக்டர். கீழ்வீட்டு அக்கா எழுதியிருக்க மாட்டாங்க, வாயாலயே சொல்லிடுவாங்க. வாட்ச்மேனுக்கு உங்களப் பிடிக்கும். மிச்சம் ஒருத்தர்தானே."

"என்கிட்டயே கேட்டிருக்கலாமே சார்" என்றார் டீச்சர். "இவர் வீட்ல இருந்தா என்னைப் பரீட்சைப் பேப்பர் திருத்த விடறதில்ல. நான்தான் கீழ அனுப்பிவச்சேன். உங்க கடிதத்தைப் பார்த்தப்புறம்தான் நாமளும் போனா என்னன்னு தோணுச்சு. அது சரி, கனவர்னா யாரு சார்?"

"கனவுல வர்றவரா இருக்கும்" என்றார் டாக்டர்.

"எங்க வீட்ல கணவர் மட்டும்தான் இருக்கார், டீச்சர்" என்றாள் என் மனைவி. "அவரைத்தான் கொஞ்சம் திருத்தணும்."

டீச்சர் ஒரு கோடு போட்ட நோட்டை என் முன்னால் வைத்தார்.

மணி நாலு. அவர்கள் மூவரும் கம்ப்யூட்டர் முன்னால் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள். நான் சாப்பாட்டு மேஜையில் 'கணவர்' என்று நூறு தடவை எழுதிக்கொண்டிருக்கிறேன், வலது கையால் ஐம்பது, இடது கையால் ஐம்பது.