பத்தாவது ஃபாரமும் கான்கிரீட் லோரியும்

வெள்ளிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். கிள்ளானுக்குப் போயி ஒரு ஃபாரத்துல ஒரு கையெழுத்து வாங்கிட்டு வரணும்.

அவ்ளோதான். சின்னப் புள்ளகூட வாங்கிட்டு வந்துரும்.

என்னைத் தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். நான் சுபாங் ஜெயாவுல ஒரு தனியார் காலேஜ்ல சிவில் இஞ்சினியரிங் லெக்சரர். கான்கிரீட், சைட் மேனேஜ்மெண்ட் எல்லாம் நான்தான் எடுக்கறேன். கான்கிரீட்டப் பத்தி ரெண்டு மணி நேரம் மூச்சு விடாம பேசுவேன். அதக் கையால தொட்டு எத்தன வருஷம் ஆச்சுன்னு மட்டும் கேக்காதீங்க.

எங்க டிகிரிக்கு அங்கீகாரம் குடுக்கற குழு திங்கட்கிழமை வருது. நாங்க என்ன பாடம் நடத்துனோம்னு கேக்கறதோட அவங்க விடமாட்டாங்க. படிச்சுட்டுப் போன புள்ளைங்க அஞ்சு வருஷம் கழிச்சு என்னவா இருக்காங்கன்னு தோண்டுவாங்க.

அதுக்கு நாங்க எப்பவோ ரெடி! "எங்கள் பட்டதாரிகள் நேர்மையும் தலைமைப் பண்பும் கொண்டு, வாழ்நாள் முழுதும் கற்கும் பொறியாளர்களாகத் திகழ்வார்கள்"னு பெரிய போர்டு அடிச்சு லிஃப்ட் பக்கத்துல மாட்டி வெச்சிருக்கோம். அத எழுதினது நான்தான். லிஃப்ட் வர்ற வரைக்கும் படிச்சுப் பாத்து நானே மெச்சிக்குவேன்.

ஆனா போர்டு போதாதாம். நெஜமாவே அப்படித்தான் திகழறாங்களான்னு அவங்க முதலாளிங்க எழுதிக் குடுக்கணும். பன்னெண்டு கேள்வி, ஒவ்வொண்ணுக்கும் அஞ்சுக்கு எத்தனன்னு மார்க், கீழ ஒரு கையெழுத்து. பத்து முதலாளி வேணும். ஒம்பது வந்துருச்சு.

"பத்தாவது இல்லாம திங்கட்கிழமை உள்ள வராதீங்க"ன்னு எங்க டிபார்ட்மெண்ட் ஹெட் சொன்னாரு. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாரு. அதான் பயம்.

அந்தப் பத்தாவது ஆளு மணியம் அண்ணே. கிள்ளான்ல காண்ட்ராக்டர். என் பழைய ஸ்டூடண்ட் தேவி அவர்கிட்டதான் சைட் இஞ்சினியரா இருக்கா. அவருக்கு மூணு ஈமெயில் போட்டேன். பதிலே இல்ல. கடைசில ஃபோன் பண்ணேன்.

"ஈமெயில் எல்லாம் நான் பாக்கறதில்ல டீச்சர். நேர்ல வாங்க. ஒரு நிமிஷம்லா. சைன் போட்டுத் தரேன்."

ஒரு நிமிஷம். இத ஞாபகம் வெச்சுக்குங்க.

எனக்கு வீடு பிரிக்ஃபீல்ட்ஸ்ல. வெறுங்கையோட போறது மரியாத இல்லன்னு சூடா பத்து உளுந்து வடை கட்டி வாங்கிக்கிட்டேன். ஃபெடரல் ஹைவேல ஜாம். கிள்ளான் போய்ச் சேர்றதுக்குள்ள வடை எட்டாச்சு. அது வேற கத.

சைட்டு ஒரு கடை வரிசைக்குப் பின்னால. புது லோங்காங், அதான் மூடி போட்ட மழத்தண்ணிச் சாக்கடை, கட்டுறாங்க. ரோடு ஓரமா நீளமா பள்ளம் வெட்டி, பலக அடிச்சு, கம்பி கட்டி வெச்சிருந்தாங்க. சுத்தி எங்க பாத்தாலும் சேறு. என் காலுல புது செருப்பு.

கேட்டுக்கு நேரா மட்டும் ஒரு இடம், நல்லா காஞ்சு, சமமா, நெழலோட இருந்துச்சு. நடுவுல ஒரு சிவப்புக் கூம்பு.

நம்ம ஊர்ல கூம்பு வெச்சா என்ன அர்த்தம்? யாரோ யாருக்கோ பார்க்கிங் புடிச்சு வெச்சிருக்காங்கன்னு அர்த்தம். கல்யாண மண்டபத்துல வைப்பாங்க, கடை வாசல்ல வைப்பாங்க, எங்க பக்கத்து வீட்டு ஆன்டி டெய்லி வைப்பாங்க.

'அட, மணியம் அண்ணே எனக்காக இடம் போட்டு வெச்சிருக்காரு! என்னா மரியாத!'

எறங்கி, கூம்ப ஓரமா நவுத்திட்டு, கார அழகா நிறுத்திட்டு உள்ள போயிட்டேன். ஃபோனு சைலண்ட்ல. கிளாஸுக்குப் போற பழக்கம்.

ஆபீசுன்னு ஒரு கேபின், சைட்டோட அந்தக் கடைசில. யாரும் இல்ல. ஃபேனப் போட்டுக்கிட்டு, ஒரு வடைய எடுத்துக்கிட்டு, உக்காந்துட்டேன். அரை மணி நேரம் போச்சு. வெளிய யாரோ கத்தற சத்தம், ஹாரன் சத்தம். சைட்டுன்னா அப்படித்தான் இருக்கும்னு விட்டுட்டேன்.

கதவத் தள்ளிக்கிட்டு மணியம் அண்ணே வந்தாரு. மூஞ்சி செவந்து போயிருந்துச்சு.

"வாங்க டீச்சர், உக்காருங்க. மன்னிச்சுக்குங்க, இன்னிக்கு தல வலி. எவனோ ஒரு மடையன் கேட்ட அடச்சு கார போட்டுட்டு எங்கயோ போயிட்டான். கான்கிரீட் லோரி வெளிய நிக்குது, உள்ள வர முடியல!"

இங்கதான் நான் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கணும்.

"ஐயோ! நம்ம ஜனங்களுக்குப் பொறுப்பே இல்லண்ணே"ன்னு ஆரம்பிச்சேன். "கான்கிரீட் என்ன ஐஸ்கிரீமா காத்துக்கிட்டு இருக்க? கலந்ததுலேர்ந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள கொட்டணும். ஆனா உங்க மேலயும் தப்பு இருக்கு. கேட்டுல ஒரு ஆளு நிக்கணும். வர்ற வழிய எப்பவும் காலியா வெச்சிருக்கணும். நான் கிளாஸ்ல ஒரு வாரம் முழுக்க இதத்தான் சொல்லித் தரேன்."

அவரு பொறுமையாத் தலையாட்டுனாரு. பாவம்.

அப்ப தேவி உள்ள வந்தா. தலைல ஹெல்மெட், கால் முட்டி வரைக்கும் சேறு. என்னப் பாத்ததும் சந்தோஷமா சிரிச்சா. அப்பறம் அந்தச் சிரிப்பு மெதுவா நின்னுச்சு.

"மிஸ்... உங்க காரு என்ன கலர்?"

அந்த நிமிஷம் அந்தப் பள்ளத்துல போயி நானே படுத்துக்கலாம்னு தோணுச்சு. மேல கொட்டி மூடிருங்கடான்னு.

"வெள்ள"ன்னேன். எனக்கே கேக்கல.

மணியம் அண்ணே என்னப் பாத்தாரு, மேசைல இருந்த வடையப் பாத்தாரு, மறுபடி என்னப் பாத்தாரு.

ஓடுனேன். புது செருப்பு ஒண்ணு சேத்துலயே நின்னுருச்சு. கேட்டுல லோரி, அதுக்குப் பின்னால நாலு காரு, ஒரு ஸ்கூல் வேன், எல்லாரும் ஹாரன அடிக்கறாங்க.

"சாவியக் குடுங்க மிஸ், நான் எடுக்கறேன்"ன்னா தேவி.

குடுத்திருக்கலாம். ஆனா லோரி டிரைவர் என்னையே மொறச்சுப் பாத்துக்கிட்டு இருந்தாரு. மானப் பிரச்சன ஆயிருச்சு.

"பதினஞ்சு வருஷமா ஓட்டறேன்மா, எனக்குத் தெரியாதா?"ன்னுட்டு ரிவர்ஸ் போட்டேன்.

பின்னால தேவி "நில்லுங்க! நில்லுங்க!"ன்னு கத்துனது கேட்டுச்சு. அதுக்கப்பறம் 'டொம்'முன்னு ஒரு சத்தம். ஸ்டியரிங்குக்கு மேல ரோடு தெரியல, வானம் தெரிஞ்சுது. பின் சக்கரம் ரெண்டும் பள்ளத்துல!

நல்லவேளை, பலக அடிக்காத பக்கம். அந்த ஒரு விஷயத்துல மட்டும் நான் சரியா விழுந்தேன்.

இப்ப காரும் கேட்டுலயே, லோரியும் கேட்டுலயே.

தேவி கத்தல, திட்டல. மண்ணு தோண்டுற மெஷின வரச் சொன்னா. பட்டையக் கட்டி, நாலு பேர நிக்க வெச்சு, கைய ஆட்டி ஆட்டி, முட்டைய எடுக்கற மாதிரி என் கார மேல எடுத்தா. அதுக்கு நடுவுல பக்கத்து வொர்க்‌ஷாப் அங்கிள்கிட்ட மலாய்ல பேசி, பின்னால நின்ன வண்டிய எல்லாம் அவரு இடத்து வழியா திருப்பி விட்டா. எனக்கு ஒரு நாற்காலி போட்டா. தண்ணி குடுத்தா. தொலஞ்ச செருப்பக்கூட கழுவிக் குடுத்தா.

இந்தப் புள்ளைக்கா நான் 'குழுவாகச் செயல்படுதல்'ல சி கிரேடு போட்டேன்?

லோரி ஒரு வழியா உள்ள வந்துச்சு. தேவி நேரா டெலிவரி பேப்பரப் பாத்தா. அப்பறம் கான்கிரீட்ட ஒரு டின்னுக் கூம்புல ரொப்பி, கூம்பத் தூக்கி, எவ்ளோ எறங்குதுன்னு அளந்தா. எறங்கவே இல்ல. லேட்டானதுல கெட்டியாகி, ஜம்முன்னு நின்னுச்சு.

லோரி டிரைவர் சொன்னாரு: "தாரோ ஆயர் சிக்கிட்லா, போஸ். போலே." கொஞ்சம் தண்ணி ஊத்துங்க, சரியாப் போயிரும்னு.

மணியம் அண்ணே தாடையச் சொறிஞ்சாரு. எனக்குப் பதறுது. இந்த லோரி திரும்பிப் போச்சுன்னா அதுக்குக் காரணம் நான். அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு ஃபாரத்த நீட்டறது?

அதனால, கான்கிரீட் பாடம் எடுக்கற நான், என் வாயால சொன்னேன்: "கொஞ்சமா ஊத்திக்கலாமே தேவி. ஒரே ஒரு வாளி."

அவ என்னத் திரும்பிப் பாத்தா.

"மிஸ், லோரி லேட்டாகி கான்கிரீட் கெட்டியானா என்ன செய்வன்னு பரீட்சைல கேட்டீங்க. நான் கொஞ்சம் தண்ணி ஊத்துவேன்னு எழுதுனேன். முட்டை போட்டீங்க."

நான் செருப்பத் தொடச்சேன்.

"முட்டை போட்டுட்டு, ரூமுக்குக் கூப்ட்டு அர மணி நேரம் திட்டுனீங்க. தண்ணி ஊத்துனா பலம் போயிரும், நாளைக்கு அது மேல ஒரு புள்ள நடந்து போகும்னு சொன்னீங்க."

அப்பறம் முதலாளி பக்கம் திரும்புனா. டெலிவரி பேப்பர அவர்கிட்ட நீட்டுனா. "பாஸ், இத நான் எடுத்துக்க மாட்டேன். திருப்பி அனுப்பறேன். கோவம்னா என்னத் திட்டிக்குங்க."

அந்த எடத்துல எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. வெக்கம் பாதி, பெருமை பாதி. எந்தப் பாதில கண்ணீர் வந்துச்சுன்னு தெரியல.

மணியம் அண்ணே அந்தக் கெட்டிக் கான்கிரீட்டக் கால் நுனியால ஒரு தட்டு தட்டிப் பாத்தாரு.

"அனுப்பிடும்மா"ன்னாரு. "வேற லோரி வரச் சொல்லு."

அப்பறம் என் பக்கம் திரும்புனாரு. "டீச்சர், கேட்டுல ஒரு ஆளு நிக்கணும்னு சொன்னீங்கள்ல?"

"ஆமாண்ணே..."

"என்கிட்ட ஆளு இல்ல."

அடுத்த ரெண்டு மணி நேரம், கிள்ளான் வெயில்ல, தலைல பெரிய ஹெல்மெட்டோட, கைல பச்சக் கொடியோட, கேட்டுல நின்னது சாட்சாத் நான்தான். வொர்க்‌ஷாப் அங்கிள் எனக்கு ஒரு பாட்டில் தண்ணி குடுத்துட்டு, "நியூ ஆ?"ன்னு கேட்டாரு. "யெஸ் அங்கிள், நியூ"ன்னேன்.

ரெண்டாவது லோரி வந்துச்சு. நான் கொடி ஆட்டுனேன். கொட்டுனாங்க. யாரும் விழல.

சாயங்காலம் அந்தக் கேபின்ல மணியம் அண்ணே ஃபாரத்தோட உக்காந்தாரு. தேவி கதவோரமா நின்னா. ஒவ்வொரு கேள்வியா வெரல் வெச்சுப் படிச்சாரு.

"பிரச்சனையத் தீர்க்கும் திறன். இது என்ன டீச்சர்?"

"என் கார தூக்குனாள்ல, அது."

"அஞ்சு. தகவல் தொடர்பு?"

"வண்டிய எல்லாம் திருப்பி விட்டது."

"அஞ்சு. நேர்மை?"

"அந்த... தண்ணி."

"அதுக்கு அஞ்சு பத்தாது"ன்னு சொல்லி, அஞ்ச ரெண்டு தடவ வட்டம் போட்டாரு. "இதெல்லாம் உனக்கு யாரும்மா சொல்லித் தந்தாங்க?"

"மிஸ்தான் பாஸ்"ன்னா தேவி. கிண்டல் இல்லாம சொன்னா. அதுதான் ரொம்பச் சுட்டுச்சு.

கையெழுத்துப் போட்டாரு. எனக்கு உசுரு வந்துச்சு. கை நீட்டுனேன்.

"இருங்க, கீழ இன்னும் ஒரு எடம் இருக்கு. 'பாடத்திட்டத்தை மேம்படுத்த உங்கள் ஆலோசனை'."

"அது கட்டாயம் இல்லண்ணே! மத்த ஒம்பது பேரும் சும்மாதான் விட்டாங்க!"

அவரு விடல. பெரிய பெரிய எழுத்துல, நிதானமா இங்கிலீஷ்ல எழுதுனாரு. சுருக்கமா இவ்ளோதான்: ஸ்டூடண்ட் ரொம்ப நல்லா இருக்காங்க. லெக்சரர சைட்டுக்கு அனுப்புங்க.

ஞாயித்துக்கெழம வீட்டு மேசைல அந்த ஃபாரமும் நானும். பக்கத்துல எழுத்த மறைக்கற வெள்ள மை, ஒரு பாட்டில் லிக்விட் பேப்பர். ஒரே ஒரு வரிதான். கொஞ்சமா தடவுனா போதும், யாருக்கும் தெரியாது.

கொஞ்சமா. அந்த வார்த்த மனசுல வந்ததும் பாட்டில மூடிட்டேன். அவ முட்டை வாங்குன கேள்விக்கு நான் ஒரே வாரத்துல ரெண்டு முட்டை வாங்க முடியாது.

திங்கட்கிழமை. குழுத் தலைவரு நரச்ச தல, மூக்குக் கண்ணாடி. ஒம்பது ஃபாரத்தையும் சரசரன்னு பொரட்டுனாரு. பத்தாவதுல நின்னாரு. எல்லாரும் இருக்கும்போது சத்தமாப் படிச்சாரு.

"இது ஒண்ணுதான் உண்மையா எழுதுன ஃபாரம்"ன்னாரு. "இதுக்கு நீங்க என்ன நடவடிக்க எடுக்கப் போறீங்க?"

எங்க ஹெட் ஒரு நொடிகூட யோசிக்கல. "ஏற்கனவே எடுத்துட்டோம் சார். இவங்கதான் மொத ஆளு. ரெண்டு வாரம்."

எனக்கே அப்பத்தான் தெரியும்!

குழுத் தலைவரு சந்தோஷமா ஒரு டிக் போட்டாரு. டிகிரி தப்பிச்சுது. நான் மாட்டுனேன்.

ஆக, அடுத்த வாரத்துலேர்ந்து கிள்ளான் சைட்ல எனக்கு ட்ரெயினிங். எனக்கு மேல சூப்பர்வைசர் தேவி. பன்னெண்டு கேள்வி இருக்கற ஃபாரத்துல எனக்கு மார்க் போடப் போறதும் அவதான்.

மொத உத்தரவு நேத்து வாட்ஸ்அப்ல வந்துருச்சு.

"மிஸ், தயவு செஞ்சு ரயில்ல வாங்க."